சம்பந்தியும் நானும் தினம் பத்து வார்த்தையும்

ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதனுக்குச் சர்க்கரை வரலாம், முட்டி வலி வரலாம், கண்ணில் புரை வரலாம். எனக்கு இங்கிலீஷ் வந்தது. சரளமாகப் பேச வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காய்ச்சல் வருகிற மாதிரி வந்தது, வந்து ஆளை உருக்கிவிட்டது.

நான் திண்டுக்கல்லில் மதுரை ரோட்டுப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். கிணற்றிலும் போர்வெல்லிலும் எரிந்துபோன மோட்டார்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். கருகின காயிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். காயில், பேரிங், புஷ், ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர் என்று வாய் நிறைய இங்கிலீஷ் பேசித்தான் முப்பது வருஷம் பிழைத்திருக்கிறேன். அதைத் தாண்டி எனக்குத் தெரிந்த ஒரே முழு இங்கிலீஷ் வாக்கியம் பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டருக்காக மனப்பாடம் செய்தது. காய்ச்சலால் அவதிப்படுகிறேன், ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்பது. அதை வைத்துக்கொண்டு சம்பந்தம் பேச முடியாது.

பேச வேண்டி வந்துவிட்டது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன், தன்னோடு வேலை பார்க்கும் ஈரான் நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். என் மனைவி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் போட்டோ கேட்டாள். நாலாம் நாள், மூக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது என்றாள். எங்கள் பக்கத்து எதிர்ப்பு அத்தோடு முடிந்தது. தை மாதம் திண்டுக்கல்லில் கல்யாணம் என்று பேச்சானது.

பெண்ணின் அப்பா ஷிராஸ் என்ற ஊரில் இருக்கிறார். மாதுளந்தோப்பு வைத்திருக்கிறார். அவர் வந்து முன்னால் நின்றால்தான் கழுத்தை நீட்டுவேன், இல்லையென்றால் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று பெண் சொல்லிவிட்டது. அவரோ, மாப்பிள்ளையின் அப்பா தன் வாயால் கூப்பிட்டால் யோசிக்கிறேன் என்றாராம். இதில் நான் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். சம்பந்தியை அழைப்பதென்றால் தட்டோடு போய் நின்று நாமே வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். இன்னொருவரை விட்டுக் கூப்பிட்டால் அது அழைப்பில் சேராது, தகவலில் சேரும். இப்படியே எத்தனை பங்காளிகள் எத்தனை பந்தியைப் புறக்கணித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் இரண்டு பந்தியை நானே புறக்கணித்திருக்கிறேன்.

நான் தமிழில் சொல்கிறேன், நீ மாற்றிச் சொல் என்று மகனிடம் கேட்டுப் பார்த்தேன். அவன் சரி என்றான். என் மச்சான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவியின் அண்ணன், பத்து வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர், உலக நடப்பில் எங்கள் குடும்பத்துக்கே அவர் வாக்குத்தான் கடைசி வாக்கு.

"மாப்ள, பையனே தன் கல்யாணத்துக்கு மாமனார அழைச்சா நல்லாவா இருக்கும்? நாளைக்கு அவுக நம்மள மதிப்பாகளா?" என்றார்.

ஆக, அவருக்குப் பாரசீகம், எனக்குத் தமிழ், நடுவே ஆளுக்குப் பாதித் தூரம் நடந்து வந்து சந்திக்க வேண்டிய இடமாக இங்கிலீஷ். அவருக்கும் இங்கிலீஷ் என் அளவுக்குத்தான் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வரப்போகும் மருமகள் கெட்டிக்காரி. ஆடி மாதத்திலிருந்து தினம் காலையில் இரண்டு அப்பாக்களுக்கும் ஒரே பத்து இங்கிலீஷ் வார்த்தையை போனில் அனுப்ப ஆரம்பித்தாள். அவருக்குப் போவதில் எதிரே பாரசீகத்தில் அர்த்தம் இருக்கும். எனக்கு வருவதில் என் மகன் தமிழில் எழுதியிருப்பான். இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தைகள் தெரிந்திருந்தால் பேச்சு தடுக்காது என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். வார்த்தைகள்தான் சரியில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் படித்த ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து வரிசையாக எடுத்தாளாம். அதில் எரிமலைக்கு வார்த்தை இருந்தது, எலுமிச்சம்பழத்துக்கு இல்லை. கப்பல் கவிழ்வதற்கு இருந்தது, தாலி கட்டுவதற்கு இல்லை. சம்பந்தி என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று மகனிடம் கேட்டேன். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்றான். உலகம் முழுக்கப் பேசுகிறார்களாம், சம்பந்தியைக் கூப்பிட ஒரு வார்த்தை இல்லை. இந்த மொழியை நான் ஐம்பத்தேழு வயதில் படிக்க வேண்டுமாம்.

ஒரு நாள் செய்தி மாறிப்போய் அவருடையது எனக்கு வந்துவிட்டது. பத்து இங்கிலீஷ் வார்த்தைக்கு எதிரே கொடிப்பந்தல் மாதிரி பின்னிக் கிடக்கும் பத்துப் பாரசீக வார்த்தை. நான் அதையும் வலமிருந்து இடமாக ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே ஷிராஸில் ஒருவர் என் மகன் எழுதிய தமிழை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். முதன்முதலாக அவர்மேல் ஒரு சொந்தம் தோன்றியது அன்றைக்குத்தான்.

எனக்கு நோட்டில் எழுதினால் மண்டையில் ஏறாது. கைவேலைக்காரன். அதனால் சாக்பீஸ் எடுத்து, கடையில் வரிசையாக நிற்கும் மோட்டார்களின் மேல் மோட்டாருக்கு ஒரு வார்த்தை எழுதிவைத்தேன். ஐந்து எச்.பி. மோட்டாரைப் பார்த்தால் கிராட்டிட்யூட், நன்றியுணர்வு. பக்கத்தில் இருக்கும் மூன்று எச்.பி. ரிலக்டன்ட், மனமில்லாத. இந்த முறை பிரமாதமாக வேலை செய்தது. வேடசந்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் வரும் வரைக்கும்.

அவர் அய்யலூர் ஆட்டுச் சந்தையிலிருந்து நேரே வந்திருந்தார். மோட்டாரைத் தூக்கினவர் நின்று, "என்னப்பு, எம் மோட்டாருக்குப் பேரு கீரு வச்சிருக்கியா?" என்றார். படிக்கத்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். புதிதாகப் படித்தவனுக்கு அது முடியாது. மெலங்கலி, மனச்சோர்வு என்று அர்த்தத்தோடு சொன்னேன். அவர் மோட்டாரைக் கீழே வைத்துவிட்டார்.

"சோர்வுன்னு எழுதின மோட்டார எங் கெணத்துல எறக்கவா? நல்லாருக்கே ஒன் வேல."

ஈரத் துணியால் துடைத்துக் காட்டினேன். போதாது என்றார். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அப்புறம் சூடம் காட்டச் சொன்னார், காட்டினேன். மோட்டார் போய்விட்டது. அந்த வார்த்தை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. தொள்ளாயிரம் வார்த்தை வந்ததில் அடித்து எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை. மருமகள் ஜெர்மனியிலிருந்து எங்கள் இருவரையும் போனில் சேர்த்துவிடுவாள். சம்பந்திக்குப் பெரிய மீசை, நரைத்த தலை, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு பேருக்கும் அந்த வாரம் படித்ததை அந்த வாரமே செலவழித்தாக வேண்டும் என்ற அவசரம். ஷிராஸில் இன்று வானம் நன்றியுணர்வோடு இருக்கிறது என்பது மாதிரி ஏதோ அவர் சொல்வார். என் சந்தோஷம் ஒரு எரிமலை என்று நான் சொல்வேன். எந்தப் பாடத்திலிருந்து எடுக்கிறார் என்பது எனக்குச் சட்டென்று தெரியும். எதற்காக எடுக்கிறார் என்பதுதான் தெரியாது. பெரிதாகத் தலையாட்டிக்கொள்வோம். பத்து நிமிஷத்தில் சட்டை நனைந்துவிடும்.

அதற்குப் பிறகு போனை மனைவி வாங்கிக்கொள்வாள், அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா. இவளுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. ஒரு ஞாயிறு முக்கால் மணி நேரம் பேசினார்கள். சின்னாளப்பட்டியில் எடுத்த சுங்குடிச் சேலையை விரித்துக் காட்டினாள், அங்கிருந்து ஏதோ ஊறுகாய் ஜாடி வந்தது. என்ன பேசினாய் என்று கேட்டால், "அவுகளுக்கும் முட்டி வலிதான். எடதுகாலாம்" என்றாள். ஒரு வார்த்தையும் படிக்காமல் எந்தக் கால் என்பது வரை எப்படித் தெரிந்துகொண்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத்தான் அவமானம்.

மருமகள் ஒரு தடவை ஆறுதலுக்காக என் மகனை விட்டு வேறொன்று சொன்னாள். உங்கள் தமிழிலேயே எங்கள் வார்த்தைகள் நிறைய இருக்கின்றன மாமா, நீங்கள் ஏற்கெனவே பாதிப் பாரசீகம் என்று ஒரு பட்டியலை அனுப்பினாள். வக்கீல், ஜாமீன், ரசீது, வசூல், தராசு. ஆசையாகப் படித்துப் பார்த்தேன். இதை வைத்துக்கொண்டு அவர்மேல் வழக்குப் போடலாம். கல்யாணத்துக்குக் கூப்பிட முடியாது.

ஐப்பசியில் நல்ல நாள் பார்த்தாயிற்று. மச்சான் தலைமையில் பங்காளிகள் ஏழெட்டுப் பேர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்த தட்டை நான் போனுக்கு நேரே நீட்டினேன். அந்தப் பக்கத்துக்கு வாழைப்பழம் மட்டும்தான் தெரிந்தது என்று பிறகு மகன் சொன்னான். மூன்று மாதம் மனப்பாடம் செய்த வாக்கியத்தை, பதினொன்றாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் ஒரே மூச்சில் சொன்னேன். என் மகன் கல்யாணத்துக்கு நீங்கள் குடும்பத்தோடு திண்டுக்கல் வர வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் வலது கையை நெஞ்சில் வைத்தார். தலையைத் தாழ்த்தினார்.

"நோ, நோ. தேங்க் யூ. ஐ நோ கிவ் ட்ரபிள்."

தொள்ளாயிரம் வார்த்தையில் நோ என்பதற்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. ஏழெட்டுப் பங்காளிகள் முன்னால், தட்டோடு நிற்கிறவனைப் பார்த்து, வரவில்லை என்கிறார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மனப்பாடம் செய்த வாக்கியம் முடிந்துபோயிருந்தது, அடுத்த வாக்கியம் கைவசம் இல்லை. இருந்தாலும் இவ்வளவு நாள் படித்தவன் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்று சொன்னேன்.

"ஓகே."

அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. பிறகு இரண்டு பேரும் வானிலையைப் பற்றி ஒரு வரி பேசினோம். போன் அணைந்தது. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, துபாயில் இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், ஆரம்பத்திலேயே எனக்குத் தெரியும் என்றார். பங்காளிகள் காப்பி குடித்துவிட்டுத் துக்க வீட்டிலிருந்து போகிற மாதிரி சொல்லாமல் போனார்கள். தேங்காயை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து வார்த்தை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்று மாதமாக அந்தச் செய்தி வரும் சத்தத்தைக் கேட்டாலே திட்டிக்கொண்டிருந்தவன், ஆறரை மணிக்கே எழுந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மகன் பேசினான். அந்தப் பெண் அழுதுகொண்டே இருக்கிறதாம். கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லையாம். நான் கொதித்துப்போயிருந்தேன். அவர் வர மாட்டேன் என்றதற்கு நான் என்னடா செய்வேன் என்றேன். அவன் சொன்னான்: "இல்லப்பா. நீங்க ஒரே ஒரு தடவதான் கேட்டீங்களாம். வேணாம்னதும் ஓகேன்னு விட்டுட்டீங்களாம். மனசார கூப்பிடலை, ஒப்புக்குக் கூப்பிட்டாருன்னு அவங்கப்பா வருத்தத்துல இருக்காரு." அவர்கள் ஊரில் கூப்பிட்டதும் வருகிறேன் என்பது விருந்துக்கு அலைகிறவன் பேச்சாம். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாவது தடவையும் மரியாதை. மூன்றாம் தடவை கேட்டால்தான் கேட்டதாகவே கணக்காம்.

இது என்ன கூத்து, நேரே சொல்லித் தொலைக்கக் கூடாதா, இப்படியும் ஒரு ஊர் இருக்குமா என்று நான் கத்தினேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, எங்கண்ணன் வீட்டுல போன மாசம் சாப்பிடச் சொன்னப்ப என்ன சொன்னீக?"

"வேணாம்னேன்."

"எத்தன தடவ?"

நான் முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினேன்.

"வேணாம் வேணாம், இப்பத்தான் சாப்பிட்டோம்னு சொல்லிட்டு, உக்காந்து பதினோரு இட்லி. ஒரு தடவயில எங்கண்ணி விட்டிருந்தா வெறும் வயித்தோட வந்து என்னய இல்ல கடிச்சிருப்பீக. அவரு கை நெஞ்சுல இருந்துச்சு, பாக்கல?"

பார்க்கவில்லை. நான் வார்த்தையை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் ஒருத்தர் வேண்டாம் என்றால் அதில் எத்தனை வேண்டாம், எத்தனை வேண்டும் என்று குரலிலேயே எடை போடத் தெரிந்தவன் நான். சின்ன வயசிலிருந்து அந்தத் தொழில் செய்திருக்கிறேன். அதே மனிதர் அதையே இங்கிலீஷில் சொன்னதும் படித்த முட்டாள் ஆகிவிட்டேன். ஆத்திரம் இப்போது யார்மேல் என்று தெரியவில்லை. புத்தகத்தின் மேலா, மருமகள்மேலா, மச்சான்மேலா? கடைக்குப் போய் மோட்டார் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, நல்லாயிருந்த காயிலையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையிலிருந்தே மறுபடி பேசினோம். தட்டு கிடையாது, பங்காளிகள் கிடையாது, முக்கியமாக மச்சான் கிடையாது. மருமகள் தன் அப்பாவிடம் என்ன சொல்லி உட்கார வைத்தாளோ, வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் குறுக்கே பேசுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள். மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து என் பக்கத்து ஸ்டூலில் அமர்ந்திருந்தாள். என் கையெல்லாம் வார்னிஷ்.

கல்யாணத்துக்கு வாருங்கள் என்றேன். நோ, நோ, தேங்க் யூ என்றார். கை நெஞ்சில் இருந்தது. இந்தத் தடவை பார்த்தேன்.

தொந்தரவு ஒன்றுமில்லை, வர வேண்டும் என்றேன். நீங்கள் மிகவும் நல்லவர், ஆனால் நோ என்றார். இது மரியாதை நோவா, நிஜ நோவா? நிஜமாக இருந்து நான் மூன்றாம் தடவையும் கேட்டு வைத்தால், திண்டுக்கல்லில் இனித் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. கேட்காமல் விட்டால் மகன் கல்யாணம் போச்சு. மனைவி ஸ்டூலுக்குக் கீழே என் காலை ஒரு மிதி மிதித்தாள்.

மனப்பாடம் செய்தது எதுவும் நாக்கில் இல்லை. கடைசியில், அன்றைக்கு ஈரத் துணியால் துடைத்த மோட்டாரிலிருந்து அந்த ஒரு வார்த்தை எழுந்து வந்தது.

"வித்தவுட் யூ," என்றேன், "மேரேஜ்... மெலங்கலி. மை ஹவுஸ் மெலங்கலி. மீ மெலங்கலி. ஆல் மெலங்கலி."

அவருக்கும் அதே நாள் வந்த வார்த்தைதானே. மீசை முதலில் ஆடியது. பிறகு மனிதர் முழுசாகக் குலுங்கிச் சிரித்தார். நெஞ்சிலிருந்த கையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "ஐ கம்," என்றார். "ஐ கம், ஐ கம்." சத்தியத்தை மீறி ஜெர்மனியிலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மகனா மருமகளா தெரியாது.

இந்த இடத்தில் நான் போனை வைத்திருக்க வேண்டும். அவர் விடவில்லை. முதலில் நீங்கள் ஷிராஸ் வாருங்கள், நீங்களும் மேடமும், மாதுளை பழுத்திருக்கிறது, தோப்பைப் பாருங்கள் என்றார். என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பழனியைத் தாண்டி அவளை நான் எங்கேயும் கூட்டிப்போனதில்லை. எனக்கும் ஆசைதான். ஆசை இருக்கிற ஒரு மனிதன், நம் ஊரில் பிறந்தவன், என்ன சொல்வான்?

"நோ, நோ," என்றேன் சிரித்துக்கொண்டே. "வொய் ட்ரபிள்?"

இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன். மூன்றாவது தடவை ஒத்துக்கொள்வது எந்தக் குரலில் என்பது வரை யோசித்துவிட்டேன். அவர் வாயைத் திறந்தார். திறந்தவர் ஒரு கணம் நின்றார். பிறகுதான் தெரிந்தது, இந்த நாலைந்து நாளில் அவர் மகள் அவருக்கும் பாடம் எடுத்திருக்கிறாள். திண்டுக்கல்காரர்கள் உள்ளொன்று வைத்துப் பேச மாட்டார்கள் அப்பா, அவர்கள் ஒன்று சொன்னால் அதுதான் அர்த்தம், வற்புறுத்தினால் சங்கடப்படுவார்கள் என்று. படித்ததை அன்றைக்கே செலவழிக்கிறவர். என் மனசு நோகக் கூடாதே என்று, பெரிய மனிதத்தனத்தோடு தலையாட்டினார்.

"ஓகே," என்றார்.

போன் அணைந்த பிறகு மனைவி என்னைப் பார்த்தாள். நான் முன்னால் கிடந்த மோட்டாரின் ஸ்டேட்டரைப் பார்த்தேன். அவள் தூக்கைத் திறந்து தட்டில் சோறு வைத்தாள், ரசம் ஊற்றினாள். அடுத்த அடுக்கில் அயிரை மீன் குழம்பு இருந்தது, வாசனை வந்துவிட்டது.

"கொழம்பு ஊத்தவா?"

எனக்கு அப்போது இருந்த குற்ற உணர்ச்சியில், "வேணாம், இருக்கட்டும்" என்றேன்.

"ஓகே," என்று சொல்லி மூடிவிட்டாள்.